நடுவில் விட்ட சைக்கிள்

பதினொரு சைக்கிள் கிளம்பியது. டைனமோ இருந்தது நாலில்தான். எண்ணிப் பார்த்தவர் எங்கள் தெருமுனையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர். கடைத் தட்டியைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு சைக்கிளாகப் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். "முன்னாடி ஒண்ணு, கடைசில ஒண்ணு, நடுவுல ரெண்டு. லைட் இல்லாதவங்க அதுங்களுக்குள்ளயே வரணும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது" என்றார். பண்ருட்டியிலிருந்து கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அந்த ராத்திரி முழுக்க எங்களுக்கு இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

1986 மாசி மாதம். ஹாலி வால்நட்சத்திரம் வந்த வருஷம். எனக்குப் பதின்மூன்று வயது.

தாத்தா இருந்தவரை எங்கள் வீட்டில் மாசி மகத்துக்கு மாட்டுவண்டி கட்டுவார்கள். முதல்நாள் சாயங்காலமே வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, புளிசோற்றுத் தூக்கோடு கிளம்பினால் விடியும்போது கடல். தாத்தா போனபிறகு வண்டியும் மாடும் போய்விட்டன. ஆனால் கடலுக்குப் போகாமல் இருக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. மகத்தன்று கடலில் முழுகித் தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் ஏற முடியாது, படிக்கட்டு வரை தொங்குவார்கள். சைக்கிள் கடைப் பெரியவர் வருஷா வருஷம் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் கிளம்புவார். அந்த வருஷம் நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

எனக்குக் கிடைத்தது தாத்தாவின் ராலே. இருபத்துநாலு அங்குலச் சட்டம். குரங்குப் பெடல் போட்டுப் பழகி, பாரின் மேல் கால் போட்டு ஓட்டக் கற்று, சீட்டில் உட்கார்ந்தால் பெடல் கீழே போகும்போது கட்டைவிரல் நுனி மட்டும் படும் உயரத்துக்கு அப்போதுதான் வளர்ந்திருந்தேன். அந்த நாலு டைனமோக்களில் ஒன்று தாத்தாவுடையது. அதனால் நடுவில் போகும் இரண்டு விளக்குகளில் ஒன்று நான். பெரியவர் என்னைப் பார்த்து, "நீ நின்னா உன் லைட் நின்னுடும், நெனப்புல வச்சுக்க" என்று மட்டும் சொன்னார். பேட்டரி இல்லாத விளக்கு அது. புட்டி மாதிரி இருக்கும் டைனமோவின் தலையை டயரின் பக்கவாட்டில் சாய்த்துவிட்டால், சக்கரம் சுற்றச் சுற்ற உர்ரென்று ஒரு சத்தம் வரும், விளக்கு எரியும், மிதி கனக்கும். வேகமாகப் போனால் வெள்ளையாக எரியும். மெதுவாகப் போனால் மஞ்சளாகிச் சிவந்துவிடும். வெளிச்சத்துக்கு விலை காலில் தெரிகிற விளக்கு.

நெய்வேலி மாமாக்களுக்காகக் காத்திருந்தோம். மூன்று பேர். ஒருவர்தான் அம்மாவின் தம்பி, மற்ற இருவரும் அவரோடு வேலை செய்பவர்கள், எனக்கு எல்லாரும் மாமாதான். இரண்டாம் ஷிப்ட் முடிந்து, பத்து மணிக்குமேல் ஆர்ச் கேட்டில் கிளம்பி, வடக்குத்து, காடாம்புலியூர் வழியாக முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். மாசியில் முந்திரி பூத்திருக்கும். வந்து இறங்கியபோது அவர்கள் சட்டையிலேயே அந்த வாசனை இருந்தது. எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு இருபது கிலோமீட்டர் மிதித்து வந்தவர்கள், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு "போவலாமா?" என்றார்கள்.

கூட்டத்தில் ஒரே பெண் என் அத்தை. கிராம சுகாதார நர்ஸ். தினமும் நாலைந்து ஊர்களுக்குத் தடுப்பூசிப் பெட்டியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சைக்கிளிலேயே போய்வருவாள். பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் வலை கட்டிய லேடீஸ் சைக்கிள். அதிலும் டைனமோ உண்டு. பொம்பளை ராத்திரியில் இத்தனை ஆம்பளைகளோடு சைக்கிளில் போவதா என்று பாட்டி கேட்டபோது, அத்தை பதில் சொல்லவில்லை, காற்று அடித்துக்கொண்டிருந்தாள். பிற்பாடு 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தால் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று படித்தபோது, எனக்கு அந்தக் காற்றடிக்கும் சத்தம்தான் ஞாபகம் வந்தது.

ஊரைத் தாண்டியதும் திருவதிகை. வீரட்டானேசுவரர் கோயில் கோபுரம் நிலவில் நனைந்து நின்றது. பெரியவர் இறங்கிக் கும்பிட்டார், எல்லோரும் இறங்கினோம். அப்பர் கதையை அன்றைக்கு முதல்முறையாக அந்த இடத்திலேயே நின்று கேட்டேன். பக்கத்துத் திருவாமூரில் பிறந்தவர். சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுத்திரத்தில், அதாவது நம் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தார். சூலை நோய் வந்து வயிறு முறுக்கியது. திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியைத் தேடி, கூட இருந்தவர்களுக்குத் தெரியாமல், ராத்திரியோடு ராத்திரியாக நடந்து வந்தார் என்று சேக்கிழார் சொல்கிறார். "நாம போற தடத்துலதான்டா அவரு எதுக்க நடந்து வந்தாரு, வயித்தப் புடிச்சிக்கிட்டு" என்றார் பெரியவர். பிற்பாடு பல்லவ மன்னன் அவரைக் கல்லில் கட்டிக் கடலில் போட, கல்லே தெப்பமாகி மிதந்துவந்த கதையும், அவர் கரையேறியதாகச் சொல்லும் கரையேறவிட்ட குப்பம் கடலூரில் இன்னும் இருப்பதும் அத்தை சொல்லித் தெரிந்தது. அப்பர் காலத்திலேயே சம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகத்தில் மயிலையின் மாசிக் கடலாட்டு வருகிறது. கடலாடப் போகும் வழக்கத்துக்கு ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்குக் குறையாத வயது. நாங்கள் அதை ரப்பர் டயரில் ஓட்டிக்கொண்டு போனோம்.

நடுநிசி தாண்டி நிலா மேற்கே சாயத் தொடங்கியது. நாங்கள் போவது கிழக்கே. அதனால் அவரவர் நிழல் அவரவருக்கு முன்னால் ஓடியது. பதினொரு நிழல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கும். புளியமரங்கள் இருபக்கமும் வளைந்து கூரைபோட்ட இடங்களில் நிழலெல்லாம் காணாமல் போகும், விளக்கு வட்டம் மட்டும் தார்ரோட்டில் நடுங்கிக்கொண்டே போகும். அப்போதுதான் பெரியவரின் சட்டம் எனக்குப் புரிந்தது. லைட் இல்லாத அப்பா என் விளக்கின் வட்டத்துக்குள் வந்துகொண்டிருந்தார். நான் வேகம் எடுத்தால் அவருக்குப் பள்ளம் தெரியாது. பின்னால் டைனமோ இல்லாமல் வந்த ஒரு அண்ணனுக்கு அத்தை. ஒருவருடைய மிதிக்கு இன்னொருவர் தன் மிதியை ஒத்துக்கொண்டாக வேண்டும்.

மேல்பட்டாம்பாக்கத்துக்கு முன்னாலோ பின்னாலோ, சரியாகச் சொல்ல முடியவில்லை, புளியமரத்தடியில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு ஆள், அவர் மனைவி, அவள் மடியில் தூங்கும் குழந்தை. பஞ்சர். பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பண்ருட்டிக்கு மேற்கே ஏதோ கிராமம். ஒரே சைக்கிளில், குழந்தையை முன் பாரில் துண்டு கட்டி உட்காரவைத்து, மனைவியைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு பிழைத்ததற்குக் கடலில் முழுக்காட்டுவதாக வேண்டுதல். சைக்கிளில் விளக்கும் இல்லை. எங்களுக்கு முன்னால் எத்தனையோ வண்டிகள் அவர்களைத் தாண்டிப் போயிருக்கும்.

பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. பையைப் பிரித்தார். சொலுஷன் டியூப், உப்புத்தாள், பழைய டியூபில் வெட்டிய ஒட்டுத் துண்டுகள், டயர் கழற்றும் இரண்டு லீவர். மரத்தடி இருட்டில் நிலா உதவவில்லை. முள் எங்கே என்று விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். "அந்த சைக்கிள இப்படித் திருப்பி ஸ்டாண்டு போடு" என்று என் ராலேயைக் காட்டினார். விளக்கு அவர் கையைப் பார்க்கும்படி நிறுத்தினேன். அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் குந்தினாள். வலது கையால் பெடலைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

உர்ரென்று டைனமோ பிடித்தது. மஞ்சளாக, பிறகு வெள்ளையாக, பெரியவரின் இரண்டு கைகளும் வெளிச்சத்தில் வந்தன. 

நாற்பது வருஷம் ஆகப்போகிறது. அந்தக் கைகளும் அந்த டியூபும் என் கண்ணுக்கு முன்னால் இப்போதும் இருக்கின்றன. வயல் வாய்க்காலிலிருந்து புளிசோற்றுத் தூக்கின் மூடியில் தண்ணீர் மொண்டுவந்தார் அப்பா. காற்றடித்த டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் முக்கித் திருப்பிக்கொண்டே வந்தார் பெரியவர். அத்தையின் கை தளர்ந்தால் விளக்கு சிவந்து எல்லாம் மறைந்துவிடும். "விடாதம்மா, விடாத, குமிழி வருது" என்பார். அத்தை மறுபடி வேகம் எடுப்பாள். ஒரு ஓட்டை அகப்பட்டது. பின்னால் ஒரு சாண் தள்ளி இன்னொன்று. டயரின் உள்பக்கம் தடவித் தடவி, உடைந்த கருவேல முள்ளின் நுனியை நகத்தால் பிடுங்கி எடுத்து, தூர எறியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொருத்தர் டயரில் அது ஏறக்கூடாது.

அத்தைக்குக் கை வலித்ததும் நெய்வேலி மாமாக்களில் ஒருவர் வாங்கிச் சுற்றினார். அவருக்குத் தெர்மலில் வேலை. சோவியத் உதவியோடு கட்டிய நெய்வேலியின் முதல் அனல் மின்நிலையம், 1962-ல் முதல் யூனிட் ஓடத் தொடங்கி, ஒன்பது யூனிட்டும் சேர்ந்து 600 மெகாவாட். பூமிக்குள்ளிருந்து பழுப்பு நிலக்கரியை வெட்டி எரித்து, ஊர் ஊராகக் கரண்ட் அனுப்பிய இடம். சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எங்க தெர்மல்லயும் இதேதான்டா நடக்குது. காந்தத்தக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்துல சுத்துனா கரண்ட். அங்க கரிய எரிச்சு, தண்ணியக் கொதிக்க வச்சு, ஆவி சுத்துது. இங்க உங்க அத்த சுத்துச்சு." பள்ளிக்கூடத்தில் ஃபாரடே பெயரை மனப்பாடம் செய்திருந்தேன். அந்த மரத்தடியில்தான் அது எனக்குப் பாடமானது.

உப்புத்தாளால் தேய்த்து, சொலுஷன் தடவி, வாயால் ஊதி உலர்த்தி, ஒட்டுப் போட்டுக் கல்லால் தட்டி, டயரை ஏற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்த ஆள் இடுப்புத் துணியை அவிழ்த்துக் காசு எடுத்தார். பெரியவர் கையை மூடினார். "கடல்ல எனக்கும் சேத்து ஒரு முழுக்குப் போடு." அந்த அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உன் கையெல்லாம் கரியா போச்சே" என்றாள். பிறகு பெரியவர் வரிசையை மாற்றினார். அவர்கள் சைக்கிள் நடுவில். எனக்கும் அத்தைக்கும் இடையில். மூன்று உயிர் ஏறிய சைக்கிளின் வேகம் என்னவோ, அதுவே எல்லாருக்கும் வேகம் ஆனது. நெய்வேலியிலிருந்து மிதித்து வந்தவர்களுக்கு அந்த மெதுவான மிதி இன்னும் கஷ்டம், தூக்கம் வரும். ஒருவரும் முனகவில்லை.

நெல்லிக்குப்பம் வருவதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிடும். பாரியின் சர்க்கரை ஆலை 1840-களிலிருந்து அந்த ஊரில் இருக்கிறது. மாசி மாதம் கரும்பு அரவைக் காலம். ரோட்டோரம் நெடுகக் கரும்பு ஏற்றிய டயர் வண்டிகள் முறைக்குக் காத்து நிற்கும், அச்சுக்குக் கீழே லாந்தர் ஆடும், வண்டிக்காரர்கள் கரும்பின் மேலேயே படுத்துத் தூங்குவார்கள். பாகு காயும் வாசனை வயிற்றைக் கிள்ளியது. டீக்கடை திறந்திருந்தது. அவித்த மல்லாட்டையைப் பொட்டலம் பிரித்து எல்லாருக்கும் பங்கு போட்டாள் அத்தை. குழந்தை விழித்துக்கொண்டு, அத்தனை சைக்கிளையும் வெறித்துப் பார்த்தது. என் டைனமோவைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சூடாக இருந்ததால் கையை இழுத்துக்கொண்டது.

அதற்குப் பின் ரோடு தனி ரோடாக இல்லை. பக்கத்து ஊர்ச் சாமிகள் டிராக்டரில், மாட்டுவண்டியில், தோளில். சீரியல் விளக்கும் மேளமும் நாயனமும். சைக்கிள் சைக்கிளாக எங்களைப்போலக் கூட்டங்கள். மஞ்சக்குப்பத்தைத் தாண்டும்போது வண்டிகளின் நடுவே ஓட்ட முடியாமல் இறங்கித் தள்ளினோம். அந்த நெரிசலில்தான் அந்தக் குடும்பம் பிரிந்தது. திரும்பிப் பார்த்தபோது எனக்கும் அத்தைக்கும் இடையில் வேறு யாரோ இருந்தார்கள்.

தேவனாம்பட்டினத்தில் கடல் முதலில் காதுக்குத்தான் வந்தது. மணலில் சைக்கிள் புதைந்தது, தூக்கிக்கொண்டு நடந்தோம். அங்கே பக்கத்தில்தான் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம். 1690-ல் மராட்டியரிடமிருந்து கம்பெனிக்காரர்கள் அதை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழுகிற தூரம் வரை எல்லாம் சேர்த்து விலை என்று பேச்சு. குண்டு விழுந்த கிராமங்களெல்லாம் அவர்களுக்குப் போயின. குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்று அந்தச் சுவடு இன்றும் பெயர்களில் இருக்கிறது. கிளைவ் கவர்னராக இருந்த கோட்டை, 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் இடித்துத் தள்ளிய கோட்டை. அப்பா அதைக் காட்டிச் சொன்னபோது எனக்குக் கோட்டையில் மனம் இல்லை. கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹாலி அந்த பிப்ரவரி 9-ம் தேதி சூரியனை மிக நெருங்கிச் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. விடியலுக்கு முன் தென்கிழக்கில் தெரியும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். கடலுக்கு மேல் மறைப்பு ஒன்றும் இல்லை, அங்கிருந்து பார்த்தால் நிச்சயம் கிடைக்கும் என்று இருபத்தைந்து கிலோமீட்டரும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நிலா வெளிச்சமும் அடிவானத்து மூட்டமும் சேர்ந்து ஒன்றும் காட்டவில்லை. விளக்குச் சுற்றிய நெய்வேலி மாமா என் தோளில் கை வைத்துக்கொண்டு கூடவே தேடினார். அடுத்து 2061-ல் வரும் என்றேன். "அப்ப நீ வந்து பாரு, எனக்கும் சேத்து" என்றார். மேற்கே நிலா இறங்க, கிழக்கே வெளுத்தது. கடலோரம் முழுக்கத் தலைகள். எங்கள் பக்கத்திலேயே ஒரு சாமியைத் தூக்கிக்கொண்டு அலைக்குள் இறங்கினார்கள், தீர்த்தவாரி. அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எள்ளும் நீரும் விட்டார். நான் அவர் பக்கத்தில் நின்று, தாத்தாவின் சைக்கிளும் வந்திருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அத்தை கையில் ஒட்டியிருந்த கிரீஸைக் கடல்நீரில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். போகவே இல்லை.

இங்கிலாந்தில் லண்டனிலிருந்து டன்விச் என்ற கடற்கரைக்கு, ஜூலை மாதம் பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை ராத்திரி, ஏறக்குறைய 180 கிலோமீட்டர் கூட்டமாகச் சைக்கிளில் போகிறார்கள் என்று சில வருஷம் முன்பு தெரியவந்தது. 1990-களிலிருந்து நடக்கிறதாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் டன்விச் டைனமோ. பெயரைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. அந்த டன்விச் ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். புயல்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் தின்று இப்போது சின்ன ஊர். நிலாவும் சைக்கிளும் கடலும் எந்த ஊரில் சேர்ந்தாலும் ஆட்களை ராத்திரியில் வீட்டைவிட்டு வெளியே இழுத்துவிடும் போலிருக்கிறது.

எங்கள் கடலும் தின்றது. 2004 டிசம்பர் 26 காலையில் தேவனாம்பட்டினத்தில் அலை ஏறியது. நான் வெளியூரில் இருந்தேன். டிவியில் அந்தக் கரையைக் காட்டியபோது, நாங்கள் சைக்கிள்களைச் சாய்த்து வைத்த மணல் எது என்று தேடினேன். அந்தக் குடும்பத்தின் குழந்தைக்கு அப்போது இருபது வயது இருக்கும். ஊர் தெரியாது, பேர் கேட்கவில்லை. இப்போதும் கடலூர்ப் பக்கம் அந்த வயதுள்ள யாரையாவது பார்த்தால், சின்ன வயதில் உன்னை மாசி மகத்துக்குச் சைக்கிளில் கூட்டிப்போனார்களா என்று கேட்க வாய் வருகிறது.

திரும்பும்போது முதல் வெயில். எல்லாருக்கும் கண் சொக்கியது. வெயில் முதுகில் ஏற ஏற என் மிதி மட்டும் கனத்துக்கொண்டே போனது. சின்னப் பையன், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று அப்பா கூடவே மெதுவாக வந்தார். திருவதிகை வந்ததும் கோயிலுக்கு எதிரே இறங்கினோம். பெரியவர் என் பின்சக்கரத்தைப் பார்த்தார். குனிந்து, டயரோடு ஒட்டிக்கொண்டிருந்த டைனமோவின் தலையை விலக்கிவிட்டார். நெல்லிக்குப்பத்திலிருந்தோ, கடற்கரையிலிருந்தோ, அது ஒட்டிக்கொண்டேதான் வந்திருக்கிறது. மேளத்திலும் வண்டிச் சத்தத்திலும் உர்ரென்றது காதில் விழவில்லை. வெயிலில் விளக்கு எரிந்ததும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. முன்னால் போய் விளக்கின் கண்ணாடியில் கை வைத்தேன். சூடாக இருந்தது.